வலப்பக்கத்துப் பாரம்

ஆள் இல்லாத சீட்டின் மைக் திறந்துகொண்டது.

பெரிய விஷயமில்லை என்றுதான் சிவநந்தினி முதலில் நினைத்தாள். இரண்டு பேர் அருகருகே உட்காரும் அந்தச் சின்ன விமானத்தில், என்ஜின் போடுகிற கூச்சலுக்குக் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் ஆளுக்கொரு ஹெட்செட், வாய்க்கு முன்னால் ஒரு குட்டி மைக். பேச வாயெடுத்தால் மைக் தானாகத் திறக்கும், பேச்சு நின்றால் தானாக மூடிக்கொள்ளும். மூடியிருக்கும்போது காதுக்குள் பஞ்சு அடைத்தது போல ஓர் அமைதி இருக்கும். திறந்தால், பேச்சுக்கு ஒரு கணம் முன்னால், மெல்லிய இரைச்சல் ஒன்று வரும். அந்த இரைச்சல்தான் இப்போது வந்தது. இன்டர்காம் பெட்டியில் வலது சீட்டுக்கான பச்சை விளக்கு எரிந்தது. பேச்சு வரவேண்டிய இடத்தில் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே திறந்திருந்துவிட்டு, விளக்கு அணைந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பொம்மை சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வெகு மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

மாத்தளைப் பக்கம் வீடு கட்ட ஆரம்பித்தால், சுவர் எழும்புகிறதோ இல்லையோ பொம்மை எழும்பிவிடும். கிழிந்த சட்டைக்குள் வைக்கோலை அடைத்து, கோரப் பல் வரைந்து, போகிற வருகிறவன் கண் முதலில் இதன்மேல் படட்டும் என்று வீதியைப் பார்க்கத் தொங்க விடுவார்கள். திருஷ்டிப் பொம்மை; சிங்களத்தில் பம்பயா. சிவநந்தினியின் கணவன் கஜேந்திரன் கட்டியது வீடல்ல, விமானம். டுபாயில் பெரிய விமானங்களுக்கு அடியில் நின்று நட்டு முடுக்கியே தலை வழுக்கையானவன், ஊருக்கு வந்த கையோடு வரைபடங்களை வரவழைத்து, நாவுலக்கு அப்பால் ஸெய்னுலாப்தீன் நானாவின் பழைய நெல் ஸ்டோரில் அலுமினியத் தகடு வெட்ட உட்கார்ந்துவிட்டான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொஞ்சமா நஞ்சமா. 'இது எங்க பறக்கப்போவுது' என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனவர்களும் உண்டு. வீட்டுக்கே வைக்கிறார்கள், இதற்கு வைத்தால் என்ன என்று அவனும் ஒரு பொம்மை செய்தான். தான் வேலைக்குப் போடும் பழைய நீல ஓவரோல், வெள்ளைத் துணியில் உருண்டைத் தலை, கரியால் கண்ணும் பல்லும், தன்னுடையது போலவே ஒரு கம்பளிப்பூச்சி மீசை.

விமானம் பறக்கத் தயாரானபோது பொம்மைக்கு வேலையும் கிடைத்தது. புதிதாகக் கட்டிய விமானத்தைச் சோதித்துப் பார்க்கும் காலத்தில் ஓட்டுபவரைத் தவிர வேறு ஆள் ஏறக் கூடாது. ஆனால் இரண்டாவது ஆள் ஏறினால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகக் காலிச் சீட்டில் மணல் மூட்டை வைத்து, ஒவ்வொரு பறப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கஜேந்திரன் மணலைப் பொம்மையின் வயிற்றுக்குள் திணித்து, அதைச் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, தலையில் ஹெட்செட்டும் போட்டுவிட்டான். அவர்களுடைய மகள் தினுஷா, பல் விழுந்த வாயைத் திறந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்க ஆளு பேசப் பாத்தாரு," என்றாள் சிவநந்தினி, தரையிறங்கியதும். "வார்த்த வரல போல."

"கதவு ரப்பர் சரியா உக்காரல. காத்து வந்து மைக்ல அடிச்சிருக்கும்," என்றான் கஜேந்திரன். அவனுக்குக் குறை என்றால் கற்கண்டு. அப்போதே ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு கதவுக்கு அடியில் புகுந்துவிட்டான்.

அந்த வலது சீட் அவனுடையது. எல்லாமே அந்தச் சீட்டுக்காகத்தான். அவனே ஓட்ட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தான். பாதி கட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கண்டி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி விமானம் ஓட்டுகிற பேச்சே வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். இரத்மலானையில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் சிவநந்தினி, ஒவ்வொரு வார இறுதியும் பஸ் ஏறி வந்து அவனுக்காக இதைச் சோதித்துக்கொண்டிருந்தாள். சோதனை முடிந்தால் பொம்மை இறங்கும், அவன் ஏறுவான். அந்த ஒரு பறப்புக்காகத்தான் அவன் ஒழுங்காக மாத்திரை விழுங்கினான், உப்பைக் குறைத்தான், படுத்து எழுந்தான்.

"அப்பாவுக்குப் பொறகு நான்," என்றாள் தினுஷா.

"பாப்போம்," என்றாள் அம்மா.

அடுத்த பறப்பிலும் மைக் திறந்தது. கதவு ரப்பர் புதியது; காற்று வரவில்லை. அதிகாலையில், காற்று எழும்புமுன், தென்னை மரங்களுக்கு மேலே ஏறி, போவத்தென்ன என்னும் நீர்த்தேக்கம் மங்கிய தகடாகக் கீழே விரிந்து, தூரத்தில் சீகிரியாக் குன்று பனிக்கு மேல் தலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், காதுக்குள் அந்த இரைச்சல் வந்தது. இந்தத் தடவை அதற்கு ஏற்றமும் இறக்கமும் இருந்தது. நீளமாக உள்ளே போயிற்று. நின்றது. நீளமாக வெளியே வந்தது. தூங்குகிறவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தால் கேட்குமே, அப்படி. அவள் இரைச்சலை அடைக்கும் திருகைக் கடைசிவரை திருகினாள். பச்சை விளக்கு அணையவில்லை. எட்டி, பொம்மையின் ஹெட்செட் வயரைப் பிடுங்கினாள். வயர் கையோடு வந்தது, அதன் நுனி அவள் மடியில் கிடந்தது. மூச்சு நிற்கவில்லை.

அப்போதுதான் வலது சிறகு கனக்க ஆரம்பித்தது.

சட்டென்று அல்ல. யாரோ மெதுவாக, நாற்காலி சத்தம் போடாமல், வந்து உட்கார்வது போல. ஸ்டிக்கை இடப்பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் போதவில்லை. இன்னும் பிடித்தாள். மணிக்கட்டு வலிக்க வலிக்கப் பிடித்தபடியே வந்து இறங்கினாள்.

கஜேந்திரன் விமானத்தைத் தராசுகள் மேல் ஏற்றினான். இடமும் வலமும் சரியாக இருந்தன. மட்டக்கோல் வைத்துச் சிறகின் சாய்வைப் பார்த்தான். எண்ணெய்த் தொட்டிகளை வடித்துப் பார்த்தான். இன்டர்காம் பெட்டியையே கழற்றி வேறொன்று மாட்டினான். சிறகின் விளிம்பில் கனம் சரிசெய்யும் சின்னத் தகடு ஒன்று உண்டு. அதை விரலால் வளைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, திரும்ப வளைத்தான். தரையில் எல்லாம் பழுதில்லாமல் இருந்தது. மேலே போனால் மறுபடி அந்த மூச்சு வரும், அது வந்து உட்காரும்.

ஒவ்வொரு தடவையும் முந்திய தடவையைவிடக் கனமாக உட்கார்ந்தது. அவர்கள் பொம்மைக்குள் போட்ட மணலைவிடக் கனம். முதலில் அது மேலே மட்டும்தான் இருந்தது. பிறகு தரையிறங்கும்போதும் இருந்தது. என்ஜினை நிறுத்திய பிறகுதான் விமானம் ஒரு பெருமூச்சு விட்டது போல வலப்பக்கம் நிமிரும். இதையும் அவள் கஜேந்திரனிடம் சொன்னாள். அவன் சக்கரத்தின் காற்றைப் பார்த்தான்.

ஓடுபாதைக்குத் தீயணைப்புக் குழாயோடும் கைரேடியோவோடும் காவல் இருப்பவர் ஸெய்னுலாப்தீன் நானாதான். புல்தரையும் அவருடையது, ஸ்டோரும் அவருடையது, வாசலில் அவர் உட்காரும் உடைந்த பிளாஸ்டிக் கதிரையும் அவருடையது. ஒரு நாள் சிவநந்தினி முகத்தைப் பார்த்துவிட்டு, கஜேந்திரனின் காதிலும் விழும்படியே சொன்னார்.

"தங்கச்சி, எங்க ஆக்கள் இதெல்லாம் வெக்கிறதில்ல. அதுனால எனக்கு இதப் பத்திப் பேச உரிமையில்ல. ஆனா ஊருல வெக்கிறவங்களப் பாத்திருக்கேன். எல்லாரும் பொம்மைய வெளியில, ரோட்டப் பாக்கத்தான் தொங்க விடுவாங்க."

"அதுக்கென்ன நானா?" என்றான் கஜேந்திரன்.

"நீங்க உள்ளுக்குள்ள உக்கார வெச்சிருக்கீங்க. பெல்ட் போட்டு, காதுல மாட்டி. ஊட்டுக்காரன் குடிபோக முன்ன அதக் குடி வெச்சிட்டீங்களே."

கஜேந்திரன் சிரித்து மழுப்பினான். சிவநந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை. பொம்மையை எரித்தாக வேண்டும் என்றாள். பெண்டாட்டி ஒரு விஷயத்தில் பிடித்த பிடியை விடமாட்டாள் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவனுக்கும் குடும்பம் நடத்திய அனுபவம் இருந்தது. அன்று பின்னேரமே பொம்மையை இறக்கினார்கள். ஸ்டோருக்குப் பின்னால் வயிற்றைக் கிழித்து மணலைக் கொட்டினார்கள். ஓவரோலையும் தலையையும் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். துணி எரிகிற நாற்றத்தோடு தலைமுடி கருகுகிற நாற்றமும் வந்தது. பொம்மைக்கு அவன் முடி எதுவும் வைத்திருக்கவில்லை. மீசைகூடக் கரியால் வரைந்ததுதான்.

அடுத்த நாள் விடிய அவள் காலிச் சீட்டோடு பறந்தாள்.

அந்தச் சீட்டில் இப்போது எதுவுமே இல்லை. மணல் இல்லை, துணி இல்லை, ஹெட்செட்டையும் ஸ்டோரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். பெல்ட்டை மட்டும், ஆடாமல் இருக்கட்டும் என்று, சீட்டின் குறுக்கே தளர்வாகப் பூட்டியிருந்தாள். மேலே ஏறினாள். தென்னந்தோப்பு தாண்டியது. வெங்காயத் தோட்டங்கள் தாண்டின. கிழக்கே மலைத்தொடரின் முதுகில் சூரியன் ஒரு கோடு போட்டது. என்ஜின் சீராக ஓடியது. ஸ்டிக் இரண்டு விரலில் நின்றது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு தாராளமாக வந்தது. வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தாள்.

பாட்டை நிறுத்தினாள். இரைச்சல் நிற்கவில்லை.

வலது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூச்சு உள்ளே போயிற்று. நின்றது. வெளியே வந்தது. சிறகு கனத்தது. அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். தளர்வாகக் கிடந்த பெல்ட் மெல்ல மெல்ல எழும்பியது. தோளுக்குப் போகும் பட்டி முறுகி, விறைத்து, ஒரு மார்பளவு உயரத்தில் நின்றது. மூச்சுக்கு ஏறியது. மூச்சுக்கு இறங்கியது. சீட்டின் மெத்தை ஓர் ஆளின் தொடையளவுக்கு அமுங்கியிருந்தது. இதற்கு முன் அது எவ்வளவு கனமாக இருந்தது என்பது அவள் கைக்குத் தெரியும். இன்று அது வளர்ந்து முடிந்துவிட்டது என்றும் கைக்குத் தெரிந்தது.

எப்படி இறங்கினாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை.

அன்று மதியம், தினுஷா தூங்கிய பிறகு, எல்லாவற்றையும் கஜேந்திரனிடம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. பெல்ட், மெத்தை, மூச்சு, பொம்மையை எரித்தபோது வந்த நாற்றம். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பயமாக இருக்கிறது, உங்களை அதில் ஏற்ற மாட்டேன், அதை உடைத்துத் தகடாக விற்றுவிடுவோம் என்றாள்.

அவன் பொறுமையாகக் கேட்டான். என்ஜின் சுற்றுகிற திசைக்கு விமானம் ஒரு பக்கம் இழுக்கும் என்றான். அதிர்வில் பெல்ட் முறுகும் என்றான். வயர்களுக்குள் ஒன்றின் சத்தம் ஒன்றில் ஏறும் என்றான். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தி, அவள் பக்கம் திரும்பினான்.

"நந்தினி, என்கிட்ட சுத்தி வளைக்காத. டொக்டர் உன்கிட்ட என்னமோ சொல்லியிருக்காரு, இல்ல?"

"என்னங்க பேசுறீங்க?"

"மேல போனா என் நெஞ்சு தாங்காதுன்னு சொல்லியிருப்பாரு. அத நேரா சொல்லு. பேய்க் கத சொல்லாத. நான் சின்னப் புள்ளையா?"

அவன் கண் கலங்கியிருந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவன் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட வைத்தியருக்குப் பகிடி சொல்லிச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தவன். சிவநந்தினிக்கு நெஞ்சு அறுந்துபோயிற்று. தான் சொன்னதெல்லாம் உண்மை என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் நம்ப மாட்டான். இந்தச் சீட்டில் ஏறாமலே, தன் நெஞ்சைப் பார்த்துப் பயந்துகொண்டே மிச்ச காலத்தைக் கழிப்பான். ஒரே ஒரு சுற்று, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவோம். அன்பில் செய்கிற காரியத்துக்குக் கண் கிடையாது.

சோதனை முடிந்ததற்கான அனுமதி வந்த வாரம், ஞாயிறு விடியற்காலை, கஜேந்திரன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் திருநீறு நெற்றியில் இருந்தது. ஸெய்னுலாப்தீன் நானா தம்புள்ளச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு போயிருந்தார். ஸ்டோர் வாசலில் தினுஷா போர்வையைச் சுற்றிக்கொண்டு அவருடைய கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஏறும்போது கை தட்டினாள்.

ஓடுபாதையில் வேகம் எடுத்தபோதே சிவநந்தினிக்குத் தெரிந்துவிட்டது.

ஆள் ஏறினால் விமானம் சோம்பும். நீளமாக ஓடும், தயங்கி எழும்பும். இது கடைசியாகக் காலிச் சீட்டோடு எழும்பிய அதே இடத்தில் எழும்பியது. மேலே போனதும் வலது சிறகு கனத்தது, கடைசியாகக் கனத்த அதே அளவுக்கு, ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கஜேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் பாரம் எங்கும் ஏறவில்லை. அவனுக்குரிய பாரம் ஏற்கெனவே அங்கே இருந்தது. அவன் வந்து அதற்குள் உட்கார்ந்திருந்தான்.

"அங்க பாரு, தண்ணி! நந்தினி, நம்ம ஸ்டோர் பாரு, தீப்பெட்டி மாதிரி!" அவன் குரல் காதுக்குள் துள்ளியது. "ஐயோ, சீகிரிய! புள்ளையையும் கூட்டிட்டு வந்திருக்கணும்."

அவள் சிரிக்க முயன்றாள். அவன் சந்தோஷம் அவளையும் தொட்டது. ஒரு சுற்று. பாதி முடிந்துவிட்டது. ஓடுபாதைப் பக்கம் விமானத்தைத் திருப்பினாள்.

அவன் பேச்சுக்கு இடையில் மூச்சு கேட்டது. ஒன்றல்ல. இரண்டு மூச்சு. ஒன்று வேகமாக, குழந்தைத்தனமாக. மற்றது நீளமாக, நிதானமாக. இரண்டும் ஒரே மைக்கிலிருந்து வந்தன. நீளமான மூச்சு வேகமான மூச்சை ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு அதன் மேல் ஏறிக்கொண்டது.

"நந்தினி," என்றான். "ஏதோ என்னைய..."

பேச்சு நின்றது.

திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நல்ல சிரிப்பு. உதடு அசைந்தது. ஏதோ சொன்னான். காதில் எதுவும் கேட்கவில்லை. பெருவிரலை உயர்த்திக் காட்டினான். உதடு மறுபடி அசைந்தது. சத்தம் இல்லை.

உதடு மூடியது. அப்போது சத்தம் வந்தது. துணிக்குள் முகம் அமுங்கியவன் மூச்சுக்கு அடித்துக்கொள்ளும் சத்தம்.

மைக் பழுது. மைக் பழுது என்று சொல்லிக்கொண்டாள். நெஞ்சுவலியா? இல்லை, சிரிக்கிறான். நன்றாக இருக்கிறான். இறங்கு. முதலில் இறங்கு. வேகத்தைக் குறை. தென்னை மரங்கள். வேலி. புல். சக்கரம் தரையைத் தொட்டது. ஓடியது. நின்றது. ஸ்டோருக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில். என்ஜினை நிறுத்தினாள். விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

வலப்பக்கம் நிமிரவில்லை.

அவன் பெல்ட்டைக் கழற்றினான். ஹெட்செட்டைக் கழற்றிச் சீட்டின் மேல் வைத்தான். கதவைத் திறந்து இறங்கினான், அவளைப் பார்த்து இன்னொரு தடவை சிரித்தான், கதவைச் சாத்தினான். ஓர் ஆள் இறங்கினால் இந்த விமானம் துள்ளி எழும்பும். அது அசையவில்லை. சீட்டின் மெத்தை நிமிரவில்லை. ஓர் ஆளின் தொடையளவுக்குக் குழிந்து, அப்படியே இருந்தது.

பட்டரியை நிறுத்தும் சுவிட்ச் மேல் அவள் கை போயிற்று. தலையில் ஹெட்செட் இன்னும் இருந்தது. காதுக்குள் இரைச்சல் திறந்தது.

"நந்தினி."

அவன் குரல். கஜேந்திரனின் குரல். மிக அருகில்.

"நந்தினி, இந்தக் கட்ட அவுத்து விடும்மா. எனக்கு எந்திரிக்க முடியல."

கண்ணாடிக்கு வெளியே வெள்ளைச் சட்டை ஸ்டோரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. கைகளை வீசிக்கொண்டு, நிதானமாக.

"இருட்டா இருக்கு. வாயெல்லாம் மணலா இருக்கு. நந்தினி, நீ இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள். மறுபடி சொன்னாள். "இருக்கேங்க."

சுவிட்சைத் தட்டினால் இன்டர்காம் நின்றுவிடும். அந்தக் குரலும் நின்றுவிடும். விரலை எடுத்தாள். அந்த வலது கையின் மேல் ஒரு கை வந்து பற்றியது. கண்ணுக்குத் தெரியவில்லை. வியர்த்த, எத்தனையோ இரவுகள் பிடித்துக்கொண்டு தூங்கிய கை. அது அவளை விடவில்லை. விட்டால் போய்விடுவாள் என்று பிடித்துக்கொண்டிருந்தது.

ஸ்டோர் வாசலில் தினுஷா போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் குதித்தாள். விமானத்தைக் கைகாட்டினாள்.

"தினுஷா!"

மூடிய கதவுக்குள்ளே கத்தினாள். கண்ணாடியில் அறைந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மகளும் சிரித்துக்கொண்டு அம்மாவுக்குக் கையை ஆட்டினாள். இடது கையால் பெல்ட்டைப் பிடுங்கினாள். பூட்டு வழுக்கியது. மறுபடி வழுக்கியது.

"யாரு அது?" என்றது காதுக்குள் குரல். "நந்தினி, புள்ள சத்தம் கேக்குது. யாரு கூட வருது?"

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். இரவெல்லாம் இறங்கிய பனி, புல் முழுக்க வெள்ளையாகப் படிந்து கிடந்தது. தினுஷா குதித்துக் குதித்து வந்தாள். அவள் பாதம் பட்ட இடமெல்லாம் பனி கலைந்து, ஸ்டோர் வாசலிலிருந்து பச்சையாக ஒரு சின்னத் தடம் நீண்டு வந்தது. அவள் கையைப் பிடித்து நடந்து வந்தவனுக்குப் பின்னால் புல் வெள்ளையாக, ஒரு துளி கலையாமல், கிடந்தது.